நெட் வரவில்லை என்றால், எதுவரை வரவில்லை?



மலருக்குக் கட்டுரை என்றால் இலக்கியம், கல்வெட்டு, ஊர் வரலாறு என்று எழுதுவதுதான் நம் வழக்கம். இந்த முறை வீட்டு மூலையில் விளக்கை மினுக்கிக்கொண்டு கிடக்கிற ரௌட்டர் பெட்டியைப் பற்றி எழுதுகிறேன். இதற்குக் காரணம் உண்டு. சித்தூரிலும் திருப்பதியிலும் இருக்கிற நமக்குத் தமிழே இப்போது பெரும்பாலும் இந்தப் பெட்டி வழியாகத்தான் வந்து சேருகிறது. 2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது, தமிழ்நாட்டுக்கு வெளியே வளரும் பிள்ளைகள் இருந்த இடத்திலிருந்தே தமிழ் படிக்கவேண்டும் என்பது அதன் முக்கிய நோக்கம். தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் அது இன்றும் நடக்கிறது. பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் படிக்கிற பேரப்பிள்ளைக்கு அ, ஆ சொல்லித்தர நாம் திறப்பது அந்தப் பக்கங்களைத்தான்.

தமிழ் மட்டுமா? கடையின் ஜிஎஸ்டி கணக்கு, வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற மகன் மகளின் முகம், "திருப்பதியிலதானே இருக்கீங்க, ஒரு 300 ரூபா டிக்கெட் போட்டுக் குடுங்களேன்" என்று வேலூரிலிருந்து கேட்கிற உறவுக்காரருக்கான தரிசனச் சீட்டு, எல்லாம் இதே வழி.

அது நின்றுபோனால் நாம் எல்லாரும் சொல்வது ஒரே வாக்கியம்: "நெட் வர்ல." தெலுங்கில் சொன்னால் "நெட் ராவட்லேது." இதைக் கேட்கிற லைன்மேனுக்கு ஒன்றும் விளங்காது. நாற்பது வருஷமாக வெல்ல வியாபாரத்தில் இருப்பவன் நான். சரக்கு வந்து சேரவில்லை என்றால் மண்டியில் யாரும் "சரக்கு வர்ல" என்று கத்திவிட்டு உட்கார்ந்திருப்பதில்லை. லாரி ஆபீஸில் ரசீது எண்ணைக் கொடுத்து, வண்டி கிளம்பியதா, எந்தச் சோதனைச்சாவடி தாண்டியது, குடோனில் இறங்கியதா என்று கட்டம் கட்டமாகக் கேட்போம். எதுவரை வந்தது என்று தெரிந்துவிட்டால் எங்கே நின்றது என்பதும் தெரிந்துவிடும். ரௌட்டருக்கும் இதுதான் முறை. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவே.

வழியில் உள்ள நிலையங்கள்

1995 ஆகஸ்டு 15 அன்று விஎஸ்என்எல் நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் கொடுக்கத் தொடங்கியது. 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வந்தது. இரண்டும் தொலைபேசியின் செம்புக் கம்பி வழியாக வந்தவை. 2017 டிசம்பர் 27 அன்று அன்றைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் ஆந்திர மாநில ஃபைபர்நெட் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மின்கம்பங்கள் மீதே ஒளியிழையை இழுத்து, தொடக்கத்தில் மாதம் 149 ரூபாய்க்கு டிவி, போன், இணையம் மூன்றையும் தருவது என்பது திட்டம். அதன்பின் பல நிறுவனங்களும் ஃபைபருக்கு மாறின. இந்த மாற்றத்தைச் சொல்வதற்குக் காரணம், பழுது பார்க்கும் வழியும் இதனால் மாறியது என்பதுதான். செம்புக் காலத்தில் ரிசீவரை எடுத்து டயல் டோன் கேட்கிறதா என்று காதால் சோதித்தோம். ஃபைபரில் வருவது ஒளி. கண்ணால்தான் சோதிக்கவேண்டும், அதுவும் இழையைப் பார்த்தல்ல, பெட்டியின் விளக்கைப் பார்த்து.

நம் கையிலுள்ள போனிலிருந்து உலகம்வரை ஐந்து நிலையங்கள் உண்டு. முதலாவது, போன் அல்லது கணினி. இரண்டாவது, அதையும் ரௌட்டரையும் இணைக்கும் வைஃபை அல்லது கம்பி. மூன்றாவது, ரௌட்டர். நான்காவது, வீட்டுக்குள் வரும் ஒளியிழையும் அது முடிகிற ஓஎன்டி என்கிற பெட்டியும். பல வீடுகளில் ஓஎன்டியும் ரௌட்டரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும், சில வீடுகளில் தனித்தனியாக இருக்கும். ஐந்தாவது, நிறுவனத்தின் அலுவலகமும் அதற்கு அப்பாலுள்ள உலகமும்.

ரௌட்டரைத் தமிழில் திசைவி என்பார்கள். நம் ரேணிகுண்டா சந்திப்பை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னை, கூடூர், குண்டக்கல், திருப்பதி என்று நான்கு பக்கமும் பாதை பிரிகிற இடம். எந்த வண்டி எந்தப் பாதையில் போகவேண்டும் என்று அங்கேதான் முடிவாகிறது. வீட்டிலுள்ள பத்துச் சாதனங்களின் போக்குவரத்தை வெளியே ஒரே பாதையில் அனுப்பி, திரும்பி வருவதை அவரவருக்குப் பிரித்துக் கொடுப்பது ரௌட்டரின் வேலை. சந்திப்பு நன்றாக இருந்தும் பாதை அறுந்திருக்கலாம். பாதை நன்றாக இருந்தும் சந்திப்பு முடங்கியிருக்கலாம்.

நம் பழைய தருக்க நூல்கள் ஒன்றை அறிந்துகொள்ளும் வழிகளாகக் காண்டல், கருதல், உரை என்று மூன்று அளவைகளைச் சொல்லும். நேரில் பார்ப்பது காண்டல். பார்த்ததைக் கொண்டு பாராததை ஊகிப்பது கருதல். அறிந்தவர் சொல்லக் கேட்பது உரை. பழுது பார்ப்பதற்கும் இதே வரிசைதான். நம்மில் பலர் முதலிலேயே உரைக்குப் போய், கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுவிடுகிறோம்.

காண்டல்: விளக்குகள்

பெட்டிக்குப் பெட்டி விளக்கின் நிறமும் வரிசையும் கொஞ்சம் மாறும். பொதுவாக இப்படி இருக்கும்.

பவர் விளக்கு: எரியவே இல்லை என்றால் அடாப்டர், பிளக், சுவிட்சு இவற்றைப் பாருங்கள். பெரும்பாலான அடாப்டர்கள் 12 வோல்ட். அடாப்டர் பலவீனமானால் விளக்கு எரியும், ஆனால் பெட்டி அடிக்கடி தானாக அணைந்து ஏறும். மாற்று வாங்கும்போது வோல்ட் அதே அளவாக இருக்கவேண்டும். ஆம்பியர் பழையதைவிடக் குறையக் கூடாது, கூடினால் தவறில்லை.

பிஓஎன் விளக்கு: பச்சையாக நிலைத்து எரிந்தால் ஒளி வருகிறது, நிறுவனத்தின் இயந்திரமும் நம் பெட்டியை அடையாளம் கண்டுகொண்டது என்று பொருள். மினுக்கிக்கொண்டே இருந்தால் அடையாளம் காண முயல்கிறது, முடியவில்லை.

எல்ஓஎஸ் விளக்கு: ஒளி தொலைந்தது என்பது இதன் பொருள். இது எரியாமல் இருப்பதுதான் நல்லது. எல்லா விளக்கும் எரிந்தால்தான் சரி என்று நினைத்து, இது எரியவில்லையே என்று கவலைப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இது சிவப்பாக எரிந்தால் அல்லது மினுக்கினால், வீட்டுக்குள் வருகிற இழையில் ஒளி இல்லை. ரௌட்டரை எத்தனை முறை அணைத்து ஏற்றினாலும் அந்த ஒளி வராது.

இன்டர்நெட் விளக்கு: பிஓஎன் பச்சையாக இருந்தும் இது எரியாமலோ சிவப்பாகவோ இருந்தால், பாதை சரி, உள்ளே நுழையும் அனுமதி இல்லை. கட்டணம் முடிந்திருக்கலாம், அல்லது பெட்டிக்குள் இருக்கிற பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அழிந்தோ மாறியோ இருக்கலாம்.

வைஃபை விளக்கு: இது அணைந்திருந்தால் பெட்டியின் பக்கவாட்டிலோ பின்னாலோ இருக்கும் வைஃபை பொத்தானைக் குழந்தைகள் யாராவது அழுத்தியிருக்கலாம்.

கருதல்: ஐந்து கேள்விகள்

விளக்குகளைப் பார்த்தபின் கீழ்க்கண்ட கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். கேட்பதற்கு முன் போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் வைஃபை செத்திருந்தும் போன் டேட்டாவில் ஓடும், நாம் ஏமாந்துபோவோம்.

1. ஒரு சாதனத்திலா, எல்லாவற்றிலுமா? அம்மாவின் போனில் வருகிறது, அப்பாவின் கணினியில் மட்டும் வரவில்லை என்றால் ரௌட்டரைத் தொடவே வேண்டாம். அந்தக் கணினியில் வைஃபை பெயரை மறக்கச் சொல்லிவிட்டுக் கடவுச்சொல்லைக் கொடுத்து மறுபடி இணையுங்கள். பழைய கணினி என்றால் தேதியையும் பாருங்கள். உள்ளிருக்கும் சிறு பேட்டரி தீர்ந்து, தேதி பல வருஷம் பின்னால் போயிருந்தால், பாதுகாப்புச் சான்று பொருந்தாமல் வங்கிப் பக்கம் முதலான பல பக்கங்கள் திறக்காது. பார்ப்பதற்கு நெட் போனது போலவே இருக்கும்.

2. பெட்டிக்கு அருகில் வருகிறதா? வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் வரும். 5 வேகமானது, ஆனால் சுவர் தாண்டுவதில் பலவீனம். கல்கட்டுச் சுவர் வைத்த பழைய வீடுகளில் கடைசி அறைக்கு 2.4 தான் எட்டும். ஒரு லேன் கம்பியைக் கணினியில் நேராகச் செருகிப் பாருங்கள். கம்பியில் வந்து வைஃபையில் வரவில்லை என்றால் பழுது இரண்டாவது நிலையத்தில்.

3. எண் கிடைத்ததா? ரௌட்டர் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு எண்ணை டோக்கன் போலக் கொடுக்கும். பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். போனின் வைஃபை விவரத்தில் இதைப் பார்க்கலாம். கணினியில் 169.254 என்று தொடங்கும் எண் இருந்தால் ரௌட்டர் டோக்கன் தரவில்லை, கணினியே தனக்கு ஒரு எண்ணைப் போட்டுக்கொண்டது என்று பொருள். ரௌட்டரை ஒருமுறை அணைத்து ஏற்றுங்கள்.

4. கம்பி சரியான துளையில் இருக்கிறதா? இரண்டு பெட்டி உள்ள வீடுகளில், ஓஎன்டியிலிருந்து வரும் கம்பி ரௌட்டரின் வான் என்கிற துளையில் செருகப்படவேண்டும். பல பெட்டிகளில் அது நீல நிறத்தில் இருக்கும், மற்ற லேன் துளைகள் மஞ்சளாக இருக்கும். சங்கராந்திக்கு வீடு துடைத்தபின் "நெட் போச்சு" என்றால் முதலில் இதைப் பாருங்கள். புதிதாக வாங்கிய ரௌட்டரும் ஓஎன்டியும் 192.168.1.1 என்ற ஒரே எண்ணை வைத்துக்கொண்டு மோதுவதும் உண்டு. அப்போது ரௌட்டரின் எண்ணை 192.168.2.1 என்று மாற்றினால் போதும்.

5. பெயர் தெரியவில்லையா, பாதை தெரியவில்லையா? இணையத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு எண் உண்டு. நாம் எழுதும் பெயரை எண்ணாக மாற்றித் தருகிற விவரப் புத்தகத்துக்கு டிஎன்எஸ் என்று பெயர். நிறுவனத்தின் டிஎன்எஸ் முடங்கினால், பாதை திறந்திருந்தும் எந்தப் பக்கமும் வராது. விண்டோஸ் கணினியின் கமாண்ட் பிராம்ப்ட் திரையில் பிங் என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு 8.8.8.8 என்று கொடுங்கள். பதில் வந்து, அதே சமயம் பக்கங்கள் திறக்கவில்லை என்றால் குறை விவரப் புத்தகத்தில்தான். ரௌட்டர் அமைப்பில் டிஎன்எஸ் என்ற இடத்தில் 8.8.8.8, 1.1.1.1 என்ற இரண்டையும் போடலாம். முன்னது கூகுள் 2009இல் தொடங்கியது, பின்னது கிளவுட்ஃபிளேர் 2018இல் தொடங்கியது. இரண்டும் இலவசம்.

அணைத்து ஏற்றுவது வேறு, ரீசெட் வேறு

அணைத்து ஏற்றுவதற்கும் ஒரு வரிசை உண்டு. இரண்டு பெட்டிகளையும் அணையுங்கள். அரை நிமிஷம் பொறுங்கள். முதலில் ஓஎன்டியை ஏற்றி, பிஓஎன் விளக்கு நிலைத்து எரியும்வரை காத்திருங்கள். பிறகு ரௌட்டரை ஏற்றி இரண்டு மூன்று நிமிஷம் விடுங்கள். ஒருமுறை செய்து பார்த்தால் போதும்.

பெட்டியின் பின்னால் ஊசி நுழைகிற ஒரு சின்னத் துளை இருக்கும். அதுதான் ரீசெட். அதைப் பத்து விநாடி அழுத்தினால் பெட்டி ஆலையிலிருந்து வந்த நாளைப் போல ஆகிவிடும். நிறுவனம் எழுதிவைத்த பயனர் பெயர், கடவுச்சொல், மற்ற அமைப்புகள் எல்லாம் அழிந்துபோகும். எங்கள் தெருவில் தனியாக வசிக்கும் ஒரு மூதாட்டிக்கு நடந்ததைச் சொல்கிறேன். மகன் கடல்தாண்டி இருக்கிறார், தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு முகம் பார்த்துப் பேசுவார். ஒருநாள் நெட் நின்றது. உதவிக்கு வந்த பையன் நல்லெண்ணத்தில் ரீசெட் துளையை அழுத்திவிட்டான். அடாப்டர் பிளக் தளர்ந்திருந்ததுதான் உண்மையான குறை. அது சரியான பிறகும் நெட் வரவில்லை, ஏனென்றால் கடவுச்சொல் போய்விட்டது. நிறுவனத்தின் ஆள் வந்து மறுபடி எழுதிக் கொடுக்க ஐந்து நாள் ஆனது. அந்த ஐந்து ராத்திரியும் அந்த அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிளக்கை அழுத்திச் செருகியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆகவே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கையில் இல்லாமல் அந்தத் துளையைத் தொடாதீர்கள்.

நம் ஊரின் சேதங்கள்

நம் பக்கத்தில் ஒளியிழை பெரும்பாலும் கம்பத்துக்குக் கம்பம் தலைக்கு மேலே போகிறது. உயரமாகக் கரும்போ வைக்கோலோ ஏற்றிய வண்டி இழுத்துவிடும். ஊர்வலத்துக்கு வழிவிடக் கொம்பால் தூக்குகிறவர்கள் முறித்துவிடுவார்கள். திருப்பதியில் குரங்கு தொங்கும், எல்லா ஊரிலும் அணிலும் எலியும் கடிக்கும். 2021 நவம்பரில் திருப்பதித் தெருக்களில் வெள்ளம் ஓடிய பெருமழை, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் போன்ற நாட்களில் கம்பம் சாய்ந்தால் இழையும் சாயும். இவை எல்லாவற்றுக்கும் அடையாளம் ஒன்றே: எல்ஓஎஸ் சிவப்பு.

வீட்டுக்குள்ளும் இழையைக் காக்கவேண்டும். உள்ளே இருப்பது கண்ணாடி. சுமார் 3 சென்டிமீட்டர் ஆரத்துக்குள் மடக்காதீர்கள், கதவிடுக்கில் விடாதீர்கள், அதன்மேல் பீரோவை நகர்த்தாதீர்கள். மடங்கிய இடத்தில் ஒளி கசியும். லைன்மேன் கருவியில் தெரிகிற அளவு டிபிஎம் என்று மைனஸ் எண்ணாக வரும். மைனஸ் 15 முதல் 25 வரை நல்லது, 27ஐத் தாண்டினால் இணைப்பு தள்ளாடும். ஒவ்வொரு 3 குறையும்போதும் ஒளி பாதியாகிறது என்று கணக்கு. இழையின் முனையைக் கழற்றிக் கண்ணுக்கு நேராகப் பிடிக்கவே கூடாது. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர். முனையை விரலால் தொட்டாலும் அழுக்குப் படிந்து ஒளி குறையும்.

இடி மின்னலின்போது அடாப்டரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் அதைத் தாங்கும் இரும்புக் கம்பி கடத்தும், வீட்டு மின்வயரும் கடத்தும். கரண்ட் போனால் நெட்டும் போகவேண்டும் என்பதில்லை. தெருவில் இழையைப் பிரிக்கும் ஸ்பிளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை. நிறுவனத்தின் பக்கம் மின்சாரம் இருந்து, பெட்டிக்கு ஒரு சின்ன யுபிஎஸ்ஸும் இருந்தால், கரண்ட் இல்லாத நேரத்திலும் பிள்ளையின் பாடம் நிற்காது.

சில நேரம் குறை நம் வீட்டிலும் இருக்காது, நம் மாநிலத்திலும் இருக்காது. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது இந்தியா முழுதும் இணையம் தளர்ந்தது. 2025 செப்டம்பரில் செங்கடலில் கேபிள்கள் சேதமானபோதும் இந்தியாவில் வேகம் குறைந்தது. எல்லா விளக்கும் பச்சை, உள்நாட்டுப் பக்கங்கள் வருகின்றன, வெளிநாட்டுத் தளங்கள் மட்டும் ஆமைபோல வருகின்றன என்றால், பெட்டியை விட்டுவிட்டுச் செய்தியைப் பாருங்கள்.

உரை: புகார் சொல்லும் விதம்

இவ்வளவும் பார்த்தபின் போன் செய்யுங்கள். "நெட் ராவட்லேது" என்பதற்குப் பதிலாக, "பவர் ஆன், பிஓஎன் ஆஃப், எல்ஓஎஸ் லைட்டு எர்ரகா வெலுகுதோந்தி, ப்ளக் தீஸி பெட்டானு" என்று சொல்லிப் பாருங்கள். பிளக்கை எடுத்து மாட்டியாகிவிட்டது, சிவப்பு எரிகிறது என்று அவருக்குப் புரியும். ஒட்டுப்போடும் கருவியுடன் லைன்மேன் நேராக வருவார். எல்ஓஎஸ் அணைந்து, பிஓஎன் பச்சையாக, இன்டர்நெட் மட்டும் சிவப்பாக இருக்கிறது என்று சொன்னால், அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே சரிசெய்துவிட முடியும், ஆள் வரவே தேவையிராது.

புகாருக்கு டாக்கெட் எண் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டிராய் அமைப்பின் 2012ஆம் ஆண்டு விதிகளின்படி, புகாரைப் பதிவுசெய்து எண் தருவது நிறுவனத்தின் கடமை. தீர்வு திருப்தியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். எண் இல்லாமல் அங்கே வாய் திறக்க முடியாது.

இன்னொரு எச்சரிக்கை. கஸ்டமர் கேர் எண்ணைத் தேடுபொறியில் தேடி முதலில் கிடைத்ததற்குப் போன் போடாதீர்கள். மோசடிக்காரர்கள் போலி எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். "ஒரு ஆப் இறக்குங்க, பத்து ரூபா கட்டுங்க, ஓடிபி சொல்லுங்க" என்று யார் கேட்டாலும் வைத்துவிடுங்கள். ரௌட்டர் பழுதுக்கு உங்கள் வங்கி ஓடிபி எதற்கு? பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930க்குப் போன் செய்யுங்கள்.

பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தாள்

வீட்டுக்கு வீடு ஒரு வேலை செய்யவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு தாளில், பில்லில் அச்சிட்டிருக்கும் கஸ்டமர் கேர் எண், உங்கள் கணக்கு எண், பயனர் பெயர், கட்டணம் முடியும் தேதி, உள்ளூர் லைன்மேன் எண் இவற்றை எழுதிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். கடவுச்சொல்லை மட்டும் தனியாகப் பீரோவில் வையுங்கள். எல்லாம் நன்றாக இருக்கிற ஒரு நாளில் பெட்டியின் விளக்குகளையும் பின்பக்கக் கம்பிகளையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பழுதான நாளில் எது மாறியிருக்கிறது என்று ஒப்பிட அந்தப் படம் போதும்.

பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் வீடுகளில் பெரியவர்கள் இருவர்தான் இருக்கிறார்கள், சில வீடுகளில் ஒருவர்தான். அடுத்த முறை ஊருக்கு வரும் மகனோ மகளோ இந்தத் தாளைத் தமிழில், பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்து, எந்த விளக்கு எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டிவிட்டுப் போகட்டும். அரைமணி நேர வேலைதான். சங்கத்து இளைஞர்களும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கி, தனியாக இருக்கும் பெரியவர்களின் வீடுகளுக்குப் போய் இதைச் செய்து கொடுத்தால் நல்லது.